திரிதல், தோன்றல், கெடுதல்: இன்ஃபுளுயன்சா நச்சுயிரியின் புரத அமைப்பும் உடற்காப்பும்

முன்னுரை

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் காய்ச்சல் மிகுவது தமிழகத்தார் அனைவரும் அறிந்ததாகும். கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையும் இதற்கு விலக்கல்ல. தலைவலி, உடல்நோவு, வறட்டிருமல், கடுங்காய்ச்சல் ஆகிய குறிகளோடு ஒரே ஊரில் பலர் படுத்துவிட்டால், 'மர்மக் காய்ச்சல்' என்று ஊரார் பேசுவர். நாளேடுகளும் அவ்வாறே தலைப்பிடும். மர்மம் என்று பெயரிட்ட ஒன்றை மக்கள் அஞ்சுவரேயன்றி அறிய முற்படார். இக்காய்ச்சல்களுள் பலவற்றுக்கு மருத்துவ நூலார் பெயரும் காரணமும் கண்டுள்ளனர். அவற்றுள் ஒன்றே 'ஃபுளு' என வழங்கும் இன்ஃபுளுயன்சா.

இந்நோய் குறித்து நம் வீட்டுப் பெரியோர் கேட்கும் வினா ஒன்று உண்டு. "தட்டம்மை ஒருமுறை வந்து நீங்கினால் மறுமுறை வருவதில்லை. இக்காய்ச்சல் மட்டும் சென்ற ஆண்டு வந்தவர்க்கே இவ்வாண்டும் வருவதேன்? தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போடச் சொல்வதேன்?" என்பதே அது. எளிய வினாவாகத் தோன்றினும் இதற்கு விடை காண அறிவியலார்க்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்விடை இந்நச்சுயிரியின் புரத அமைப்பில் அடங்கியுள்ளது. அதனை நம் தமிழ் இலக்கண மரபு தரும் சொற்களைத் துணைக்கொண்டு விளக்குவதும், அவ்வறிவு நம் வட்டாரத்து மக்களுக்கு எவ்வாறு பயன்படும் எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நச்சுயிரியின் உருவம்

இன்ஃபுளுயன்சா ஒரு நச்சுயிரியால் வருவது என்பது 1933ஆம் ஆண்டு இலண்டனில் உறுதியாயிற்று. வில்சன் சுமித், கிறித்தோபர் ஆண்ட்ரூசு, பேட்ரிக் இலெய்ட்லா ஆகிய மூவர் மனிதரின் தொண்டைக் கழுவுநீரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இதன் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை நினைத்தால் இதன் நுண்மை விளங்கும்.

இந்நச்சுயிரியின் உள்ளே எட்டுத் துண்டுகளாக ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் உள்ளது. வெளியே கொழுப்பாலான உறையும், அவ்வுறையின்மேல் கதம்பப் பூவின் இதழ் முனைகள்போல் நெருங்கி நிற்கும் புரத முட்களும் உள்ளன. முட்கள் இருவகைப்படும். ஒன்று ஹீமக்ளூட்டினின். இது செங்குருதி அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதை 1941இல் சார்ச் ஹெர்சுட்டு கண்டறிந்தார். ஆதலின் இதனைத் 'திரட்டிப் புரதம்' என இக்கட்டுரையில் வழங்குவோம். மற்றொன்று நியூராமினிடேசு. இது சர்க்கரைப் பிணைப்பை வெட்டுவதால் இதனை 'வெட்டுப் புரதம்' என்போம்.

நம் மூச்சுக்குழல் உயிரணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருள் உண்டு. திரட்டிப் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு உயிரணுவுள் நுழைய வழிசெய்கிறது. உள்ளே பெருகிய புதிய நச்சுயிரிகள் வெளியேறும்போது அதே சியாலிக் அமிலத்தில் சிக்கிக்கொள்ளாதபடி வெட்டுப் புரதம் அதனை அறுத்து விடுகிறது. மூக்கிலும் தொண்டையிலும் ஊறும் சளியிலும் சியாலிக் அமிலம் உண்டு. நச்சுயிரியைப் பிடித்து நிறுத்த இயற்கை வைத்த முதற் கண்ணி அச்சளியே. அக்கண்ணியையும் வெட்டுப் புரதம் அறுத்துச் செல்கிறது. ஒன்று திறவுகோல், மற்றொன்று கத்தரி எனச் சுருங்கக் கூறலாம்.

திரட்டிப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பை எக்சு கதிர்ப் படிகவியல் வழியாக 1981இல் இயன் வில்சன், சான் இசுகெகல், தான் வைலி ஆகியோர் வெளியிட்டனர். மூன்று ஒத்த புரதங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் 13.5 நானோமீட்டர் உயரமுள்ள தூண் அது. அடிப்பகுதி மெலிந்த தண்டு. மேற்பகுதி பருத்த தலை. தலையின் உச்சியருகே சியாலிக் அமிலம் வந்து பொருந்தும் சிறு குழி ஒன்று உண்டு. இக்குழியின் அமைப்பே நம் வினாவிற்கு விடையாகிறது.

காப்பின் முறையும் அதன் இடர்ப்பாடும்

நோய் நுழைந்த சில நாள்களில் நம் உடல் எதிர்ப்பொருள்களை ஆக்குகிறது. எதிர்ப்பொருள் என்பதும் ஒரு புரதமே. அது நச்சுயிரியின் திரட்டிப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, சியாலிக் அமிலம் அக்குழியை அணுகாதபடி மறைத்துவிடும். திறவுகோலின் பல்லில் மெழுகைப் பூசினாற்போல அது பயனற்றுப் போகும். குழி மாறாததாயின் குழியைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள் என்றைக்கும் நம்மைக் காக்க வேண்டுமன்றோ?

இங்கேதான் இடர் எழுகிறது. குழி சிறியது, எதிர்ப்பொருள் பற்றும் பரப்போ அதனினும் அகன்றது. ஆதலின் குழியைப் பற்ற வரும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் குழியின் விளிம்பையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்தே பற்ற வேண்டியுள்ளது. குழியின் உட்புறம் மாறினால் நச்சுயிரி உயிரணுவைப் பற்ற இயலாது அழியும். ஆகவே அது மாறுவதில்லை. விளிம்போ எவ்வாறு மாறினும் நச்சுயிரியின் வினை கெடுவதில்லை. வினைக்கு வேண்டிய பகுதி உள்ளே மறைந்து நிலைத்திருக்க, காப்பின் கண்ணில் படும் பகுதி வெளியே மாறிக்கொண்டேயிருப்பதுதான் இப்புரத அமைப்பின் தனித்தன்மை. தட்டம்மை நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதங்களுக்கு இத்தகைய மாற்றத்தைத் தாங்கும் இயல்பு மிகக் குறைவு. அதனால்தான் அந்நோய்க்கு ஒருமுறை பெற்ற காப்பு வாழ்நாள் முழுதும் நிலைக்கிறது.

மூவகை விகாரம்

சொற்கள் புணரும்போது நேரும் மாற்றங்களை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகுமிடத்து ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகுமிடத்து ஓர் எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகுமிடத்து ஓர் எழுத்துக் கெடுகிறது. மூவிடத்தும் வடிவம் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. புரதமும் அமினோ அமிலங்கள் என்னும் இருபது எழுத்துகளால் ஆகிய நீண்ட சொல் போன்றது. திரட்டிப் புரதம் ஏறத்தாழ 550 எழுத்துகள் கொண்டது. அதன் வினை மாறாமல் வடிவம் மாறும் முறைகளும் இம்மூன்றே என்பது வியப்பிற்குரியது.

முதலாவது திரிதல். ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்று வந்து அமைவது இது. எச்3என்2 வகை நச்சுயிரி 1968 முதல் 2003 வரை அடைந்த பெரிய உருமாற்றங்களை ஆராய்ந்தோர் 2013இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். அம்முப்பத்தைந்து ஆண்டுகளில் காப்பை ஏய்ப்பதற்கு முதன்மைக் காரணமான திரிபுகள் ஏழே ஏழு இடங்களில் நிகழ்ந்தன; அவ்வேழும் பற்றுக் குழியை அடுத்தே அமைந்திருந்தன. 550 எழுத்துகளுள் ஏழிடத்தில் நேர்ந்த திரிபு, உலகத்தார் பெற்றிருந்த காப்பை மீண்டும் மீண்டும் பயனற்றதாக்கிற்று.

இரண்டாவது தோன்றல். புரதத்தில் அசுபராசின் என்னும் அமினோ அமிலம் நின்று, ஓரிடம் விட்டு அடுத்து செரீனோ திரியோனினோ வருமாயின், நம் உயிரணு அவ்விடத்தில் ஒரு சர்க்கரைக் கொத்தைச் சேர்த்துவிடும். இடையில் நிற்பது புரோலின் ஆயின் சேராது. நிலைமொழியும் வருமொழியும் இன்னவாறு அமைந்தால் இன்ன எழுத்துத் தோன்றும் என்று இலக்கணம் கூறுவது போன்றே இவ்விதியும் உள்ளது. அச்சர்க்கரை நம் உடலே செய்தது. ஆகவே உடற்காப்பு அதனைத் தன்னுடையது எனக் கருதி விட்டுவிடுகிறது. அதன் நிழலில் உள்ள புரதப் பரப்பை எதிர்ப்பொருள் அணுகவும் முடிவதில்லை. 1968இல் எச்3என்2 தோன்றியபோது திரட்டிப் புரதத்தின் தலையில் மிகச் சிலவாக இருந்த சர்க்கரைக் கொத்துகள் பின்வந்த ஆண்டுகளில் படிப்படியாகப் பெருகின. பகைவன் நம் வீட்டுப் போர்வையையே போர்த்திக்கொண்டு நடமாடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

மூன்றாவது கெடுதல். இன்ஃபுளுயன்சாவின் 'பி' வகையில் விக்டோரியா என்னும் மரபுவழி ஒன்று உண்டு. இதன் திரட்டிப் புரதத்தின் தலையில் இரண்டு அமினோ அமிலங்கள் நீங்கிய உருவங்கள் 2016ஐ ஒட்டிப் பரவின; பின்னர் மூன்று நீங்கிய உருவங்கள் எழுந்து அவையே மேலோங்கின. நீங்கியவை அடுத்தடுத்து நின்ற இரண்டு மூன்று எழுத்துகளே எனினும் பழைய எதிர்ப்பொருள்களால் புதிய உருவத்தை நன்கு அடையாளங்காண இயலவில்லை. தடுப்பூசியில் சேர்க்கும் 'பி' வகை உருவையே மாற்ற நேர்ந்தது.

உவமையின் எல்லையையும் ஈண்டுக் கூறுதல் கடன். சொற்புணர்ச்சிக்கு விதி உண்டு. நச்சுயிரியின் மாற்றமோ பிழையால் நேர்வது. அதன் மரபுப் பொருள் ஏறத்தாழ 13,500 எழுத்துகள் கொண்டது; அதனைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. மெய்ப்புப் பார்க்காமல் அச்சேறும் நூல்போல ஒவ்வொரு படியிலும் பிழைகள் மலிகின்றன. பெரும்பாலான பிழைகள் நச்சுயிரிக்கே கேடாகி மறைகின்றன. காப்பிலிருந்து தப்பிக்க உதவும் பிழை மட்டும் எஞ்சிப் பெருகுகிறது. ஆகவே 'நச்சுயிரி சூழ்ச்சி செய்கிறது' என நாம் கூறுவது வழக்கு நோக்கியதே. அதற்கு அறிவும் இல்லை, எண்ணமும் இல்லை.

பெயர்வும் பாய்ச்சலும்

மேற்கூறிய சிறுசிறு மாற்றங்களைப் 'பெயர்வு' எனலாம். இவையன்றிப் 'பாய்ச்சல்' என்னத்தக்க பெருமாற்றமும் உண்டு. மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதை முன்னர்க் கண்டோம். இருவேறு நச்சுயிரிகள் ஒரே உயிரணுவுள் புகுந்தால் துண்டுகள் கலந்து புதிய கூட்டு உருவாகக்கூடும். இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைத்துப் புதிய கட்டு எடுப்பது போன்றது இது. பறவைகளின் திரட்டிப் புரதத்தைத் தாங்கிய நச்சுயிரி இவ்வாறு மனிதரிடையே நுழைந்தால், அதனை முன்னர்க் கண்டிராத மனிதகுலம் முழுதும் காப்பற்று நிற்கும்.

1918இல் எச்1என்1 வகையால் எழுந்த கொள்ளைநோய் அவ்வாண்டு கோடையில் பம்பாய் வழியாக இந்தியாவுள் பரவியது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 2 கோடி வரை மக்கள் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 1957இல் எச்2என்2 வகை எழுந்தது. பறவை நச்சுயிரியின் திரட்டிப் புரதம், வெட்டுப் புரதம் ஆகியவற்றுக்குரிய துண்டுகள் மனித நச்சுயிரியில் கலந்ததால் இது பிறந்தது. இவ்வகை இந்தியாவுக்குள் வந்த வாயில் நம் சென்னைத் துறைமுகமே. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலின் பயணிகளோடு அது கரையிறங்கிற்று. 1958 பிப்ரவரி வரை நாட்டில் பதிவான நோயாளர் 44 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அக்காலத்தில் இந்நோயை ஆராயும் மையம் 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கி வந்தது. 1968இல் எச்3என்2 வகையும், 2009இல் புதிய எச்1என்1 வகையும் எழுந்தன.

2009ஆம் ஆண்டு நோய்க்குப் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயர் ஊன்றிவிட்டது. அந்நச்சுயிரியின் மரபுத் துண்டுகள் பன்றிகளிடையே கலந்து உருவானமையால் அப்பெயர் வந்தது. ஆயினும் அது மனிதரிடமிருந்து மனிதருக்கே இருமல், தும்மல் வழியாகப் பரவிற்று, உணவால் பரவவில்லை. அவ்விலங்கோடு எத்தொடர்பும் இல்லாத நமக்கு இந்நோய் வாராது என்று எவரேனும் எண்ணியிருப்பின், அவ்வெண்ணத்திற்குக் காரணம் பெயரின் பிழையே. நோய்க்கு இடும் பெயர் எத்துணைக் கருத்தோடு இடப்பட வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

அவ்வாண்டு மற்றொரு புதுமையும் காணப்பட்டது. இன்ஃபுளுயன்சாவால் வழக்கமாக மிகுதியும் தாக்குறும் முதியோர், இளையோரை நோக்க அம்முறை குறைவாகவே நோயுற்றனர். காரணம் புரத அமைப்பில் இருந்தது. 1918இன் திரட்டிப் புரதத்தின் தலையும் 2009இன் தலையும் பெரிதும் ஒத்தவை. இரண்டின் உச்சியிலும் மறைக்கும் சர்க்கரைக் கொத்துகள் இல்லை. 1957க்கு முன்னர்ப் பிறந்து 1918 வழிவந்த நச்சுயிரியை இளமையில் எதிர்கொண்டோர் உடலில் அந்நினைவு அரை நூற்றாண்டு கடந்தும் அழியாதிருந்தது. இளமையில் முதன்முதற் கண்ட நச்சுயிரியின் நினைவே காப்பில் மேலோங்கி நிற்கும் என்பதைத் தாமசு பிரான்சிசு 1960இலேயே விளக்கியிருந்தார். இந்நினைவு ஒருபால் நன்மை தரினும், புதிய உருவம் வரும்போது பழைய எதிர்ப்பொருளையே உடல் மீண்டும் ஆக்கிக்கொண்டிருக்கும் குறையும் அதற்குண்டு.

உள்ளிருந்து வாயடைத்தல்

இதுவரை கண்டது எதிர்ப்பொருளை ஏய்க்கும் முறை. எதிர்ப்பொருள் உருவாகச் சில நாள்கள் ஆகும். அதற்கு முன்பே, நச்சுயிரி புகுந்த சில மணி நேரத்தில் உயிரணு எழுப்பும் கூக்குரல் ஒன்று உண்டு. அதுவே இன்டர்ஃபெரான். அலிக் ஐசக்சு, சீன் இலிண்டன்மன் ஆகிய இருவர் இதனை இலண்டனில் கண்டறிந்தனர். அவர்கள் அதற்குப் பயன்படுத்தியது இன்ஃபுளுயன்சா நச்சுயிரியே, ஆண்டு 1957. சென்னைத் துறைமுகத்தில் நோய் கரையிறங்கிய அதே ஆண்டில் அதனை எதிர்க்கும் முதற்காப்பும் அறியப்பட்டது குறிப்பிடத்தக்கது.

தாக்குற்ற உயிரணு இன்டர்ஃபெரானை வெளியிட, அண்டை உயிரணுக்கள் கதவடைத்துக்கொள்கின்றன. ஊர் எல்லையில் கள்வரைக் கண்டவன் தண்டோரா போட, ஊரார் விழித்துக்கொள்வது போன்றது இது. நச்சுயிரியின் என்.எஸ்.1 என்னும் புரதம் அத்தண்டோராவை ஒலிக்கவொட்டாமல் தடுக்கிறது. ஏறத்தாழ 230 அமினோ அமிலங்களால் ஆகிய இப்புரதம் இரண்டிரண்டாக இணைந்து வினைபுரிகிறது. இதன் ஒரு பகுதி, நச்சுயிரி வந்தமைக்குச் சான்றாக நிற்கும் ஈரிழை ஆர்.என்.ஏ.வைப் பற்றி மறைக்கிறது. மேலும் அச்சான்றை உணரும் ரிக்-1 என்னும் காவற்புரதத்தை எழுப்பிவிடும் துணைப்புரதத்தையும் இது செயலற்றதாக்குகிறது. இதன் மற்றொரு பகுதி, இன்டர்ஃபெரான் ஆக்கும் ஆணைகளை உயிரணு செப்பமுறச் செய்து அனுப்புவதைத் தடுத்துவிடுகிறது. சான்றை மறைத்தல், காவலனை உறங்கச் செய்தல், ஆணையை நிறுத்துதல் என மூன்றையும் ஒரே சிறு புரதம் செய்து முடிக்கிறது. இதற்குள் கிடைக்கும் ஓரிரு நாளே நச்சுயிரி பெருகுவதற்குப் போதுமானதாகும்.

தமிழகம் தந்த அளவுகோல்

புரத அமைப்பைப் பற்றிப் பேசுமிடத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தை நினையாதிருத்தல் இயலாது. அங்குப் பணியாற்றிய கோ. நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாசன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954இல் வெளியிட்டார். பின்னர் 1963இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை அளித்தார். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் முழுதும் வழங்கும் அதனைக் கொண்டே இன்றும் புதிய புரத அமைப்புகளின் செம்மை சோதிக்கப்படுகிறது. இன்ஃபுளுயன்சாவின் முட்களை அளக்கவும் சென்னையில் செய்த அளவுகோல் பயன்படுகிறது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கதாகும்.

அவர் பின்னர்ப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அப்பிரிவைச் சார்ந்த இராகவன் வரதராசனும் அவர்தம் குழுவினரும் திரட்டிப் புரதத்தின் தலையை விடுத்துத் தண்டுப் பகுதியை மட்டும் கொண்ட தடுப்பூசிப் பொருளை வடிவமைத்து, அது எலிகளைக் காத்தமையை 2010இல் வெளியிட்டனர். தலை மாறிக்கொண்டேயிருக்க, தண்டு பெரிதும் மாறுவதில்லை. உயிரணுவுள் சென்றபின் அமிலச் சூழலில் வில்போல் விரிந்து நச்சுயிரியின் உறையை உயிரணுவின் சவ்வோடு இணைப்பது இத்தண்டே ஆதலின், அதன் வடிவம் மாறினால் வினை கெடும். தலை காப்பின் கவனத்தை ஈர்த்துக்கொள்வதால் தண்டுக்கு எதிர்ப்பொருள் இயல்பாக மிகுதியும் உண்டாவதில்லை. அதனை உண்டாக்க முடியுமாயின் ஆண்டுதோறும் ஊசி போடும் நிலை மாறும். உலகின் பல ஆய்வகங்களும் இவ்வழியில் முயன்று வருகின்றன.

மலையும் மருத்துவமும்

இவ்வறிவால் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ சமவெளியின் சின்னசேலத்திலோ வாழ்பவர்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மூன்று.

ஒன்று, தடுப்பூசி பற்றிய தெளிவு. மாறிவரும் உருவங்களைக் கணித்து, உலக நல நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியின் உட்பொருளை வரையறுக்கிறது. 'சென்ற ஆண்டே போட்டுக்கொண்டேன்' என்பது ஏன் போதாது என்பதற்கு மேலே கண்ட மூவகை விகாரமே விடை. காசுமீரத்தில் குளிர்காலத்திலும் தில்லியில் தென்மேற்குப் பருவமழையிலும் மிகும் இந்நோய், சென்னை, வேலூர்ப் பகுதிகளில் அக்டோபர், நவம்பரில் மிகுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்டபின் காப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே அதனைப் போட்டுக்கொள்வது முறை. முதியோர், கருவுற்ற மகளிர், சிறு குழந்தைகள், நீரிழிவும் ஈளையும் இதயநோயும் உடையோர் ஆகியோர் இதனை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். ஹஜ் பயணம் மேற்கொள்ளும் முதியோர்க்கு இத்தடுப்பூசி வலியுறுத்தப்படுவதும், பல நாட்டு மக்கள் ஓரிடத்தில் கூடும்போது பல உருவ நச்சுயிரிகளும் கூடும் என்பதனாலேயே ஆகும்.

இரண்டு, மருந்து பற்றிய தெளிவு. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் பாக்டீரியாவைக் கொல்வனவேயன்றி நச்சுயிரியைத் தொடுவதில்லை. கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதால் காய்ச்சல் தணியாது. பின்னாளில் அம்மருந்து வேண்டும்போது அது பயன்படாமற் போகும். நச்சுயிரிக்கென்றே ஆன மருந்து ஓசல்டாமிவிர். 1983இல் வெளியான வெட்டுப் புரதத்தின் அமைப்பை நோக்கி, அதன் பற்றுக் குழியில் அடைப்பான்போல் பொருந்துமாறு வடிவமைத்த மருந்து வரிசையைச் சார்ந்தது அது. கத்தரியின் வாயில் கட்டையை வைத்தாற்போல வெட்டுப் புரதம் செயலிழக்க, புதிய நச்சுயிரிகள் வெளியேற இயலாமல் சிக்கிக்கொள்கின்றன. நச்சுயிரி பெருகும் முதல் இரண்டு நாள்களுக்குள், அஃதாவது 48 மணி நேரத்திற்குள், மருத்துவர் அறிவுரைப்படி தொடங்கினால் அது மிகுந்த பயன் தரும்.

மூன்று, காலத்தின் அருமை. அந்த 48 மணி நேரம் சமவெளியில் ஓர் அளவு. மலையில் வேறோர் அளவு. மரவள்ளிக்காட்டு வேலையை விட்டு, பேருந்து வரும் சாலை வரை நடந்து, மலைப்பாதையில் இறங்கி வர வேண்டிய குடும்பத்திற்கு ஒரு நாள் எளிதில் கழிந்துவிடும். எளிய காய்ச்சலை ஓய்வாலும் நீருணவாலும் வீட்டிலேயே கடத்தலாம். கசாயம் குடிப்பதையும் யாரும் மறுப்பதில்லை. ஆயின் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், மயக்கம், குழந்தை பால் குடிக்க மறுத்தல், தணிந்த காய்ச்சல் மீண்டும் கடுமையாதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கசாயத்தை நம்பிக் காத்திருத்தல் கூடாது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. விழுப்புரத்தையும் சேலத்தையும் நோக்கியே ஓட வேண்டியிருந்த நிலை இதனால் குறைந்துள்ளது. மருத்துவமனை அருகில் வந்துவிட்டது. அங்கு எப்போது செல்ல வேண்டும் என்னும் அறிவும் வீட்டிற்கு வந்து சேர்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இன்ஃபுளுயன்சா நச்சுயிரி தன் பற்றுக் குழியை மாற்றாமல் வைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தைத் திரித்தும், சர்க்கரைப் போர்வை தோன்றப் பெற்றும், சில எழுத்துகள் கெட்டும் எதிர்ப்பொருளுக்குத் தப்புகிறது என்பதும், துண்டுகள் கலப்பதால் பாய்ச்சலாய் மாறுகிறது என்பதும், என்.எஸ்.1 புரதத்தால் உயிரணுவின் கூக்குரலை அடக்குகிறது என்பதும் பெறப்பட்டன. 'ஏன் மறுபடியும் வருகிறது?' என்ற பெரியோரின் வினாவிற்கு, 'வருவது அதுவே, ஆயினும் அவ்வுருவன்று' என்பதே விடை.

இவ்விடையைக் கூறுவதற்குத் தமிழ் தடையாக நிற்கவில்லை. ஒரு பழைய இலக்கணப் பாகுபாடே துணையாக வந்து நின்றது. தமிழ் பயிலும் மாணவர் அறிவியல் நமக்குரியதன்று என ஒதுங்காமலும், அறிவியல் பயிலும் மாணவர் தமிழில் கூற இயலாது எனக் கைவிடாமலும் கூடி முயல்வாராயின், ஒவ்வொரு நோய்க்கும் உரிய பெயரும் விளக்கமும் ஊர்தோறும் சென்று சேரும். இம்மலரைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இம்மழைக்காலத்தில் தம் வீட்டு முதியோர் ஒருவருக்கேனும், தம் தெருவில் உள்ள மலையூர்த் தொழிலாளர் ஒருவருக்கேனும் மேற்கூறிய அபாயக் குறிகளைச் சொல்லி வைத்தல் நன்று. மர்மம் என்று அஞ்சியிருந்த ஊர், காரணம் அறிந்து காலத்தில் மருத்துவமனை செல்லுமாயின், அதுவே இக்கல்விக்குக் கிடைத்த பயனாகும்.